குடியும் வளவும் உறுதியும்: கல்முனைக் கரையில் குடும்ப வரலாறு தேடுதல்

ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடும் ஆய்வு, அக்குடும்பத்தைப் பற்றி முன்னர் யார், எதற்காக எழுதிவைத்தார்கள் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டியதாகிறது. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய தேடலுக்குக் கைகொடுப்பவை மூன்று: தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் இறங்கும் குடும்பப்பெயர், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, பெயரும் ஆண்டும் பொறித்த கல்லறைக் கல். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியே பொத்துவில் வரையும், உள்ளே சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்பு, அதாவது ஞானஸ்நானமும் திருமணமும் எழுதப்பட்ட ஏடு, கிறிஸ்தவத்தைத் தழுவியவர்களுக்கும் தழுவியதாகக் காட்டிக்கொண்டவர்களுக்கும் உரியதாகவே இருந்தது. ஊர் மையவாடிகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடப்படும் மீசான் கட்டை, அடக்கம் நடந்த இடத்தைக் காட்டுவதற்கு நடப்படுவதே அன்றி, அடங்கியிருப்பவரின் பெயரைச் சொல்வதற்கு நடப்படுவதன்று. பெரும்பாலானவை எழுத்தே இல்லாதவை.

பெயரின் நிலை இதைவிடச் சிக்கலானது. இப்பகுதியில் ஒருவர் தம் பெயருக்கு முன் இடும் எழுத்துகள் தந்தையின் பெயரைக் குறிப்பவை என்பதால் அவை ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகின்றன. 'யு.எல்.' என்று இரண்டு எழுத்துகள் நின்றால் வெளியூரார் அவற்றை இரண்டு பெயர்களாகப் படிக்கக்கூடும். ஆனால் அது உதுமாலெவ்வை என்ற ஒரே தந்தையின் ஒரே பெயர். 'ஐ.எல்.' என்பது இஸ்மாலெவ்வை; 'ஏ.எல்.' என்பது ஆதம்லெவ்வையாகவும் இருக்கலாம், அகமதுலெவ்வையாகவும் இருக்கலாம். மகனுடைய பெயர் முகம்மது என்று தொடங்கினால் அதற்கும் ஓர் 'எம்.' சேர்ந்து, மூன்றெழுத்தில் இரண்டு தலைமுறை அடங்கிவிடும். அடுத்த தலைமுறையில் அந்த மூன்றும் போய் வேறு எழுத்துகள் வந்து நிற்கும். லெப்பை என்பதை ஒரு பதிவுகாரர் 'லெவ்வை' என்றும், இன்னொருவர் 'லெப்பே' என்றும் எழுதுவதால், உடன்பிறந்த இருவரே இரண்டு ஏடுகளில் வேறுவேறு தந்தைக்குப் பிறந்தவர்கள்போலத் தோன்றுவதுண்டு. லெவ்வை, மரைக்கார், போடி, ஆலிம் ஆகியவை ஓரிடத்தில் பதவியாகவும் இன்னோரிடத்தில் வெறும் பெயரின் வாலாகவும் வருவதால், பாட்டனார் பெயரில் 'மரைக்கார்' கண்டவுடன் அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர் என்று முடிவு கட்டுவது அவசரமாகிவிடும்.

தலைமுறைதோறும் மாறாமல் இறங்கும் ஒரு பெயர் இவ்வூர்களில் இல்லாமலில்லை. அது குடி. குடி என்பது தாய்வழியாக இறங்கும் வம்சக் குழு. ஒருவர் தம் தாயின் குடியைச் சேர்ந்தவர், தாய் தம் தாயின் குடியைச் சேர்ந்தவர் என்று அது பெண்வழியே மேலேறுகிறது. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை என்பது பழைய விதி. ஆகவே ஒரு வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குடி, கணவர் மட்டும் வேறு குடி. மணமான பின்னும் அவர் தம் தாயின் குடியிலேயே இருக்கிறார். பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளைக் குடி, ஓடாவி குடி என வழங்கும் பெயர்களில் சில ஒரு முதல் தாயையோ தலைவரையோ குறிப்பனபோலத் தோன்றுகின்றன. சில தொழிலைக் காட்டுகின்றன. ஓடாவி என்றால் மரக்கலமும் மரவேலையும் செய்யும் தச்சர். அயலிலுள்ள தமிழ் இந்து ஊர்களிலும் இதே முறை நிலவுவதும், தாய்வழியை அங்கே 'வயிற்றுவார்' என்ற வெளிப்படையான சொல்லால் குறிப்பதும் இப்பகுதியின் பொதுச் சொத்து. ஊர்ப்பெயரில் வரும் குடியை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. கல்முனைக்குடியிலும் காத்தான்குடியிலும் உள்ள 'குடி' குடியிருப்பைக் குறிப்பது; ஓர் ஊருக்குள் பல குடிகள் இருக்கும், ஒரு குடி பல ஊர்களில் பரந்திருக்கும்.

இந்தக் குடியமைப்பை மானிடவியலாளர் நன்கு ஆராய்ந்திருக்கிறார்கள். நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையின் தாய்வழி மரபு பேசப்படுகிறது. அக்கரைப்பற்றில் 1969இல் களப்பணியைத் தொடங்கிய டெனிஸ் மக்கில்வரே, நாற்பது ஆண்டுக்கால அவதானிப்பைத் திரட்டி 2008இல் தமிழர், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களையும் ஒருசேர ஆராயும் பெருநூலை வெளியிட்டார். ஆயினும் அவர்கள் வகுத்துக் காட்டியது அமைப்பை. தம் உம்மம்மாவின், அதாவது தாயின் தாயின், உம்மா யார் என்று தேடுபவருக்கு அமைப்பு தெரிந்தால் போதாது, ஆள் தெரியவேண்டும். அந்த ஆளைத் தேடிப் போகும்போதுதான் இக்கரையின் குடும்ப வரலாற்றிலுள்ள அடிப்படை முரண் எதிர்ப்படுகிறது: ஊர் தாய்வழியாக நினைவில் வைத்திருப்பதை அரசு தந்தைவழியாக எழுதியிருக்கிறது.

இலங்கையில் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கான பொதுச் சட்டம் 1867இல் வந்தது. இன்று கைக்குக் கிடைக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தால், பிள்ளை, தந்தை, தாய் ஆகியோரின் விவரங்களுக்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடும், பூட்டனாருக்கு மற்றொரு கூடும் இருப்பதைக் காணலாம். பாட்டியாருக்குக் கூடு கிடையாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழிக் குடியுரிமையைத் தந்தை, தந்தையின் தந்தை என்ற வரிசையிலேயே வைத்தது. தாய்வழியாகவும் அது இறங்கலாம் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. திருமண ஏட்டின் கதையும் இதுவே. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி எழுதப்படும் பதிவில் மாப்பிள்ளையும் வலியும், அதாவது மணமகளின் காப்பாளரான ஆண் உறவினரும், ஒப்பமிடுவர். மணமகள் ஒப்பமிட அச்சட்டம் இடம் வைக்கவில்லை. எவருடைய குடிவழியாக இந்தக் குடும்பம் தொடரப்போகிறதோ அவருடைய கையெழுத்து, அவரது திருமணத்தைச் சான்று பகரும் ஏட்டில் இல்லை. குடி என்ற விவரத்துக்கும் அரசின் படிவங்கள் எதிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஏடுகள் இருக்குமிடத்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முந்திய பத்திரங்களில் கல்முனையும் நிந்தவூரும் மட்டக்களப்பு மாவட்டமாகவே வரும். அம்பாறைக் கச்சேரியில் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடுபவர், பார்க்கவேண்டிய இடம் மட்டக்களப்பாகவோ கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமாகவோ இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அரச ஏடுகளில் ஒன்றுமட்டும் தன்னை அறியாமலே தாய்வழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அது காணி உறுதி. உறுதி என்பது நொத்தாரிசு முன்னிலையில் எழுதி முடிக்கும் உரிமைப் பத்திரம். காணியைக் கைமாற்றுவது நொத்தாரிசு எழுத்தில் இருந்தாலே செல்லும் என்பதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலைநாட்டியது. அதன் பெறுமதி விளங்கவேண்டுமாயின் இக்கரையில் வீடு எப்படிக் கைமாறுகிறது என்பது முதலில் விளங்கவேண்டும். இங்கே பெண் மணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மூத்த மகளுக்குத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அதே வளவின் ஒரு மூலையிலோ அடுத்த வளவிலோ புதிதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போவதும், அந்த வீடு இரண்டாவது மகளுக்கு ஆவதும் வழக்கம். வளவு என்பது வேலியிட்ட வீட்டு நிலம். இரண்டு மூன்று தலைமுறை இவ்வாறு நடந்தால், ஒரு குறுக்குத்தெருவின் வீடுகளெல்லாம் ஒரு தாயின் பெண்மக்களும், அவர்களின் பெண்மக்களும் குடியிருக்கும் வீடுகளாகிவிடும். காக்காமாரும், அதாவது அண்ணன்மாரும், தம்பிமாரும் தெருவைவிட்டுப் போயிருப்பார்கள். ராத்தாவும் சாச்சியும், அதாவது அக்காவும் சின்னம்மாவும், வேலிக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பார்கள்.

இப்போது உறுதியை விரிக்கலாம். ஒவ்வோர் உறுதியின் அட்டவணையிலும் காணிக்கு நான்கு எல்லைகள் சொல்லப்படும். கிழக்குக்கு ஒழுங்கை என்றும், மேற்குக்கு இன்னாருடைய வளவு என்றும், வடக்குக்கு இன்னாரின் பெண்சாதிக்குச் சொந்தமான வளவு என்றும், தெற்குக்கு இன்னாரின் மகள் சீதனமாகப் பெற்ற வளவு என்றும் அது போகும். பிறகு இதிலடங்கிய வீடு, கிணறு, தென்னை, வழிவாய்க்கால் உரித்துகள் அனைத்தும் என்று முடியும். எழுதிய நொத்தாரிசுக்கு இது அயலாரைச் சொல்லி எல்லை காட்டும் சடங்கு. குடும்பம் தேடுபவருக்கோ அந்த வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் சகோதரிகள். நன்கொடை உறுதியாகவோ சீதன உறுதியாகவோ எழுதப்பட்டிருந்தால் கொடுப்பவர், பெறுபவர் உறவுமுறையும் அங்கேயே இருக்கும். தமக்கு இக்காணி எப்படி வந்தது என்று கொடுப்பவர் கூறும் பத்திரவழி முந்திய உறுதியின் இலக்கத்தையும் ஆண்டையும் தரும். அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தியதற்குப் போகலாம். மூலப் பிரதி வீட்டில் இல்லாவிட்டாலும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. நொத்தாரிசு தாம் நிறைவேற்றும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம்.

ஆனால் எல்லையில் நிற்கும் பெயர் யாருடையது என்பதை உறுதி சொல்லாது. ஓர் ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரோடு பல பாத்தும்மாக்கள் இருந்திருப்பார்கள். இவர் எந்தப் பாத்தும்மா, எந்தக் குடி, அவருடைய வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைச் சொல்ல ஊர்தான் வேண்டும். குடும்ப வரலாற்றைத் தனியொருவர் தனித்திருந்து செய்யமுடியாமல் போவது இந்த இடத்தில்தான். ஊர் வரலாற்றுக் குழு என்ற பெயர்ப்பலகையோடு அவ்வுதவி எப்போதும் காத்திருப்பதில்லை. அது பலரிடம் சிதறிக் கிடக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவராக இருந்த மரைக்கார்மாரின் குடும்பங்களில் கந்தூரிக்கும் பள்ளிக்கும் வரி பிரித்த பெயர்ப்பட்டியல்கள் கிடைக்கக்கூடும். அவற்றில் எந்த வீடு எந்தக் குடி என்பது ஐயமின்றித் தெரியும். வயல் வெளிகளில் நீர் பங்கிட்ட வட்டவிதானைமாருக்கு எந்த வட்டையில், அதாவது எந்த வயற்பரப்பில், நிலவுடைமையாளரான எந்தப் போடியாருக்கு எத்தனை அவண விதைப்பு நிலம் இருந்தது என்பது தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் திறப்புவிழா மலர்களும் இருக்கும்; இவை விளம்பரத்துக்கும் வாழ்த்துரைக்கும் இடையே பழைய அதிபர்கள், மரைக்கார்கள், விதானைமார் ஆகியோரின் பெயர்வரிசையைத் தாங்கி நிற்பவை, ஆதலால் எள்ளி ஒதுக்கத்தக்கவை அல்ல. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிமச் சேகரத்தில் இத்தகைய மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் பெருந்தொகையாக ஏறியிருப்பதும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதும் இத்தேடலை முன்னைய தலைமுறைக்கு வாய்க்காத அளவு எளிதாக்கியிருக்கின்றன.

இவர்கள் எல்லாரையும்விட மூத்த பெண்களே முதல் சான்றாளர்கள் என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் நடைமுறையில் அவர்களே கடைசியாகக் கேட்கப்படுகிறார்கள். மணப்பேச்சில் குடி பார்த்தவர்களும், எந்தப் பெண்ணுக்கு எந்த வளவு என்று தீர்த்தவர்களும் அவர்கள். ஆண்களைக் கேட்டால் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று மூன்று பெயர்களோடு நின்றுவிடும் வரிசை, அதே வீட்டின் உம்மம்மாவைக் கேட்டால் பக்கவாட்டில் விரிந்து தெரு முழுவதையும் அளந்துவிடும். அவரிடம் ஆண்டு கேட்பதில் பயனில்லை. அக்காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்களுக்குப் பின்னாளில் உத்தேச வயதுப் பத்திரமே கிடைத்தது. அதிலுள்ள ஆண்டு ஒரு மதிப்பீடே. சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் 1978 நவம்பர் தெளிவாக நிற்கும். வெள்ள வருஷம் என்றால் 1957 டிசம்பர். கிதாபின் வெற்றுத்தாளில் அறபுத்தமிழில், அதாவது அறபு எழுத்தில் எழுதிய தமிழில், பிறப்பைக் குறித்துவைத்த வீடுகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. முப்பத்துமூன்று ஆண்டுக்கு ஓராண்டு முந்திக்கொள்ளும். அறுபத்தாறு வயதில் மௌத்தானார் என்று ஹிஜ்ரிக் கணக்கில் சொல்லப்பட்டவர், சூரிய ஆண்டுக் கணக்கில் அறுபத்துநான்கு வயதினர்.

ஊரின் நினைவுக்கும் சொந்த நலன்கள் உண்டு. குடிகளுக்கிடையே மேல் கீழ் பார்க்கும் வழக்கம் இருந்த இடங்களில், இறங்கிய குடியில் நடந்த ஒரு மணம் அடுத்த தலைமுறையின் சொல்லில் காணாமற் போவது எளிது. வேற்றுச் சமூகத்திலிருந்து வந்த ஒரு முதல் தாயைப் பற்றிய செய்தியும் அவ்வாறே. எல்லாக் குடும்பமும் அறபு நாட்டு வணிகரில் தொடங்குவதாகச் சொல்லப்படும் இந்நாளில், மட்டக்களப்பு மான்மியம் என்ற நூலும் வாய்மொழி மரபும் கூறும் முக்குவர், திமிலர் என்ற இரு சாதியாரின் போர்க்கதை நினைவுகூரத்தக்கது. முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்களான பட்டாணியருக்குப் பெண்ணும் நிலமும் கொடுக்கப்பட்டன என்பது அக்கதை. அதை நடந்த வரலாறாகக் கொள்வதற்குப் போதிய ஆதாரமில்லை. ஆயினும் வந்தவர் ஆணாகவும், மண்ணும் வீடும் பெண்ணுடையனவாகவும் ஒரு சமூகம் தன் தோற்றத்தைக் கற்பனை செய்துகொண்டது என்பதே குடிமுறைக்கு நல்லதோர் உரை. போர்த்துக்கீசரால் துரத்தப்பட்ட நாலாயிரம் சோனகரை 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற செய்தி பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அந்த நாலாயிரவரில் ஒருவரோடு இன்றைய ஒரு குடும்பத்தைத் தலைமுறை தவறாமல் இணைத்துக் காட்டுவது வேறு காரியம். அவ்வாறு இணைக்கும் வரைபடங்களை ஐயத்தோடேயே அணுகவேண்டும். நபிகளாரின் வம்சம் எனப்படும் மௌலானாக் குடும்பங்களின் நிலை வேறு. அவர்களின் பெருமை தந்தைவழியில் இறங்குவதால் வம்ச வரிசையை எழுதிக் காப்பதும் அவர்களிடம் வழக்கமாக உள்ளது. தந்தைவழியில் மௌலானாவாகவும் தாய்வழியில் ஊர்க்குடியினராகவும் இருப்பவர் ஒருவரே என்பதால், அவருடைய குடும்பத்தை ஒரு தாளில் வரைய முயன்றால் இரண்டு மரங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையாகக் கடல் ஊருக்குள் வந்தபோது இலங்கையிலேயே மிகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையை ஒட்டிய வளவுகள் வேலியோடும் வீட்டோடும் போயின. அலுமாரிகளிலிருந்த உறுதிகளும் போயின. அதற்குப் பின் கடற்கரையை அண்டிக் கட்டக்கூடாது என்று தடை வந்து, தப்பியவர்களுக்கு உள்நிலத்தில் புதிய வீட்டுத்திட்டங்கள் எழுந்தபோது, குடும்பத் தலைவர் என்ற கூட்டில் கணவர்மாரின் பெயரே எழுதப்பட்டதையும், பெண்ணுக்குரியதாக இருந்த வீடு அவ்வாறு பெயர் மாறியதையும் மக்கில்வரேயும் மானிடவியலாளர் பற்றீஷியா லோறன்சும் எழுதியிருக்கிறார்கள். ராத்தா ஒரு திட்டத்திலும் தங்கச்சி மற்றொரு திட்டத்திலும் வீடு பெற்றார்கள். அவ்வீடுகளின் அயல்வீட்டுப் பெயர்கள் உறவைச் சொல்லமாட்டா. இனி நூறாண்டு கழித்து ஒருவர் அந்தப் பத்திரங்களை எடுத்து வடக்கு எல்லையைப் பார்த்தால், வீட்டிலக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியப்போவதில்லை.

கரையோரத்தில் அழிந்துபோன தெருக்களின் வளவு வரிசையை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணறு இருந்த இடத்தைக் கொண்டு இன்னாருடைய வளவு என்று அடையாளம் காட்டுகிறார்கள். வீடு போனாலும் கிணற்றுக்கட்டு பல இடங்களில் மணலுக்குள் நிற்கிறது. அந்தக் கிணறுகளை வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றின் எதிரேயும் வீட்டுப் பெண்ணின் பெயர், அவருடைய உம்மாவின் பெயர், குடி ஆகிய மூன்றையும் எழுதிய ஒரு தெருப்படம், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த இரண்டு மூன்று மூத்த பெண்கள் கூடியிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை.